ஃபோகஸ் என்றால் அடுப்பு

மட்டாஞ்சேரிச் சந்தில் கல்யாண ஜோடியைப் படமெடுக்கிற பையன், புகை வேண்டுமென்று ஈரத் தேங்காய்மட்டையைக் கொளுத்தினான். அந்தப் புகை நாறியதும் எங்கள் பழைய அடுப்படி நினைவுக்கு வந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கேயும் ஒருவன் காமிராவோடு வந்தான்.

"சேச்சி, அடுப்பை நல்லா ஊதுங்க, புகை வரட்டும். ஃபோகஸ் பண்ணிக்கிறேன்."

அம்மா கண் சிவக்க, இருமி இருமி ஊதினாள். கஞ்சி அடிப்பிடித்தது. அப்பா அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். அவன் போனதும், கஞ்சி தீய்ந்ததற்கு அம்மாவைத் திட்டினார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். லத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு என்று அங்கேதான் படித்தேன். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து எரியும் இடத்துக்கு அந்தப் பேரை வைத்தார்களாம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரே அடுப்பு, ஆனால் ஊதுகிறவளின் கண்ணை எவன் பார்த்தான்?

"சேட்டா, தள்ளி நில்லுங்க, ஃபோகஸ் போகுது" என்றான் ஜோடியைப் படமெடுத்த பையன்.

"போகட்டும்டா!" என்று அந்த மட்டையை மிதித்து அணைத்தேன்.