செவன் கிங்ஸில் ஒரு பியூரிட்டன் மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் செவன் கிங்ஸில் ஒரு கல்யாணப் பேச்சு. பெண்ணின் தகப்பன் சிவபாதம் என் நெடுநாள் சிநேகிதன். "நீயும் வந்து இரு மச்சான், கதைக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டான். எனக்குக் கதைக்கத் தெரியுமோ இல்லையோ, நன்றாகச் சாப்பிடத் தெரியும். போனேன்.

மாப்பிள்ளை கஜன். பெற்றோர் யாழ்ப்பாணம், அவன் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில். தாயோடு வந்திருந்தான். அவனும் பெண் அபிராமியும் ஏற்கெனவே வீடியோவில் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மேசையில் தேத்தண்ணீரும் மரக்கறி ரோல்ஸும். "அபிராமி செய்தது, எடுங்கோ" என்றாள் சிவபாதத்தின் மனைவி ராணி. ரோல்ஸ் பிரமாதம். நான் மூன்றாவதை எடுத்தபோது பையன் எழும்பி நின்றான்.

"அங்கிள், ஒரு விஷயம் சொல்லோணும். எனக்கு முந்தி ஒரு எங்கேஜ்மென்ட் நடந்தது. நான்தான் பயந்து குழப்பினனான். பிழை என்னிலதான். அவவிட்ட மன்னிப்புக் கேட்டிட்டன். அபிராமிக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியோணும்."

அவனுடைய தாய் குனிந்து தரையைப் பார்த்தாள். சிவபாதம் என் கையைப் பிடித்துக் குசினி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உதெல்லாம் சபையில எழும்பி நிண்டு சொல்லுற கதையே? ஏலாது மச்சான். இந்தச் சம்பந்தம் வேண்டாம்!"

அவன் கோபம் எனக்குப் புரிந்தது. நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள்? சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று எழுதிக் கொடுப்போம். மகன் எங்கே நிற்கிறான் என்று மூச்சு விடமாட்டோம்.

ஆனால் பையன் வளர்ந்த ஊர் அப்படி. நானூறு வருஷத்துக்கு முந்தி பியூரிட்டன்கள் என்று ஒரு கூட்டம் — இதே இங்கிலாந்துக்காரர்கள். தேவாலயத்தில் சடங்கும் ஆடம்பரமும் கூடிவிட்டது, சுத்தப்படுத்த வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். அரசனோடு ஒத்துவரவில்லை. கப்பலேறி அந்தப் பாஸ்டன் பக்கம் குடியேறினார்கள். அதுவரைக்கும் எங்கள் கதை மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா?

போன இடத்தில் என்ன செய்தார்கள்? தங்களைப்போல் கும்பிடாதவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம்! (லண்டனில் கோயில் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இராது.)

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. சபையில் சேர வேண்டுமா? எல்லோர் முன்னாலும், கடவுள் உன்னை எப்படித் திருத்தினார் என்று சொல். தப்புச் செய்தாயா? அதையும் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள். கேட்டுத் திருப்திப்பட்டால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சபைகளெல்லாம் மாறிவிட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை. ஓர் அமெரிக்க அரசியல்வாதி மாட்டிக்கொண்டால் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மைக் முன்னால் கண் கலங்கி... பார்த்ததில்லையா? நடிகர்களுக்கு டிவி சோபா. செய்ததைக்கூட அந்த ஊர் ஒருவேளை மன்னிக்கும், மறைத்ததை மன்னிக்காது.

இதைத்தான் சிவபாதத்துக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப பெடியன் வேதமே, கிறிஸ்தவனே?" என்று திடுக்கிட்டான்.

"சைவம்தானப்பா. அந்த ஊர்க்காத்துப் பட்டிருக்கு."

"எனக்கு விசர் வரப்போகுது. வா, 'யோசிச்சுச் சொல்லுறம்' எண்டு சொல்லி அனுப்புவம்."

'யோசிச்சுச் சொல்லுறம்' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அபிராமிக்கும் தெரியும். நாங்கள் வெளியே வந்ததும், தகப்பனின் முகத்தைப் பார்த்தவுடனேயே அவள் எழும்பிவிட்டாள்.

"ஆன்ட்டி, நானும் ஒண்டு சொல்லோணும். அக்கவுண்டன்சி கடைசிச் சோதனை நான் பாஸ் எண்டு அப்பா எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். நான் பாஸ் பண்ணேல்ல. திரும்ப எடுக்கோணும்."

சிவபாதம் வாயைத் திறந்தான். இனி எந்த வாயால் அவன் பையனைக் குறை சொல்வது?

கஜனின் தாய் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. முடிந்தது, சேலையை உதறிக்கொண்டு எழும்பப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்!

"அப்பாடா! இவன் இப்பிடிக் கதைச்சுக் கதைச்சே ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. இவனுக்கேத்த சோடி இஞ்சதான் இருந்திருக்கு. எனக்குப் பூரண சம்மதம். நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

சிவபாதம் மகளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவே இல்லை. "பிள்ளைக்கு ஓம் எண்டா... எனக்கும் ஓம்" என்றான்.

எங்கள் வீடுகளில் உண்மைக்கு ஏன் இத்தனை பயம் என்று ரயிலில் வரும்போதும் யோசித்தேன். சொன்னால் குடிமுழுகிப்போகும் என்று நினைக்கிறோம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் முழுகியிருக்கும்.

கல்யாணம் ஆவணியில். சாப்பாட்டுக்கு யாரைப் பிடிப்பது என்ற கவலையும் அன்றைக்கே தீர்ந்தது. எல்லோரும் சம்மதம் சொன்ன கையோடு, ராணி மெல்ல எழும்பி நின்றாள்:

"அப்ப நானும் சொல்லிப்போடுறன்... ரோல்ஸ் இல்ஃபோர்ட் கடையில வாங்கினது."