பாங்காக்கில் கட்டிய காப்பு

என் அக்காவின் இடது மணிக்கட்டில், இரண்டு கண்ணாடி வளையல்களுக்கு நடுவே ஒரு துணிப்பட்டை கிடக்கிறது. ஒரு காலத்தில் அது ஆரஞ்சு நிறம். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இரண்டு வரி வேறு அதில் இருந்தது. ஒன்றரை வருஷமாகத் துணிசோப்பும் தையல் மிஷின் எண்ணெயும் பட்டு, இப்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. கோம்பையில் அவளிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "என்னக்கா, ஆஸ்பத்திரியில படுத்திருந்தீகளா?" என்று கேட்பார்கள். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காப்பு" என்பாள். எந்தக் கோயில் காப்பு என்று மேலும் கேட்டால் என்னைக் கை காட்டிவிடுவாள். கூடப் போன ஒரே சாட்சி நான்தான். நடந்ததில் எனக்குப் புரிந்தது, கேட்க வருகிறவர்களுக்குப் புரிந்ததைவிடக் கொஞ்சம் குறைவு.

அக்காவுக்கு ஒரே மகன். அத்தான் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. மிஷினை மிதித்தே அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திம்மா" என்பான். அவனோடு அங்கே வேலை பார்த்த பெரியகுளத்துக்காரர் ஒருவர் லீவுக்கு வந்தபோது உளறிக் கொட்டினார். அக்கா மகன் வேலையை விட்டு எட்டு மாசம் ஆகிறதாம். பொம்மைப் படங்களிலும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலும் வருகிற வீரர்கள், ராணிகள், பேய்கள் மாதிரி உடுத்திக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மண்டபத்தில் கூடுவார்களாம். காஸ்பிளே என்று பெயராம். அவர்களுக்கு உடுப்பும் முகமூடித் தலையும் செய்து கொடுக்கிறானாம். தானும் உடுத்திக்கொள்கிறானாம். அடுத்த கூட்டம் கார்த்திகையில் வருகிறதாம்.

"வேஷம் கட்டுறானா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, எனக்கு ஒரு பாஸ்போர்ட்டு எடு. அங்கன போயி அவனக் கையோட கூட்டியாந்துரணும்" என்றாள்.

எங்கள் ஊர் நாய்க்குப் பேர்போனது. அந்த நாய்க்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை. சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன் நான். குமுளி மலையைத் தாண்டவே யோசிப்பேன். டீக்கடையில் பாங்காக் போகிறேன் என்று சொன்னதும் நாலு பேர் ஒரே நேரத்தில் கண்ணடித்தார்கள். "அக்காவக் கூட்டிட்டுப் போறேன்யா" என்றேன். சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. டீ மாஸ்டர் மட்டும், "பாவம் மாப்ளை" என்று ஒரு பன் சேர்த்துக் கொடுத்தார்.

இங்கே எங்கள் ஊர் வேஷத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மன் திருவிழாவில் நேர்ந்துகொண்டவர்கள் உடம்பெல்லாம் சேறு பூசியோ, கரடியாகவோ, காளியாகவோ வேஷம் கட்டி வருவார்கள். வேஷம் கலைகிறவரை அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்றவளே ஆனாலும் அதட்டக் கூடாது. வீட்டு வாசலுக்கு வந்தால் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வாக்குக் கேட்க வேண்டும். வந்த வாக்கை எதிர்த்துப் பேசக் கூடாது. பத்து வயதில் நானும் கரடி கட்டியிருக்கிறேன். சாக்குத் துணி அரித்த அரிப்பில் தெருவில் குதித்தேன். சாமி இறங்கிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. "சொல்லு சாமி" என்றார்கள். தொண்டை வறண்டு, "தண்ணி" என்றேன். அந்த வருஷம் மழை பெய்யும் என்று சொல்லிவிட்டதாக ஊரே கும்பிட்டது. அக்காதான் காலில் ஊற்றினாள். அவளுக்கு அப்போது பதினாலு வயது. நான் அழுதுகொண்டு, "அக்கா, நான்தான்க்கா" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மழை பெய்ததா என்று கேட்காதீர்கள்.

பாங்காக் மண்டபத்து வாசலில், தலையில் கொம்பு வைத்த பெண் ஒருத்தி எங்கள் கையைப் பிடித்து அந்தப் பட்டையைக் கட்டினாள். கழற்ற முடியாதபடி இறுகியது. அக்காவின் முகம் மாறிவிட்டது. "காப்புக் கட்டுறாகடா" என்றாள். "இது டிக்கெட்டுக்குப் பதிலாக் கட்டுறது, அக்கா" என்று நான் சொன்னது எடுபடவில்லை. அந்த நிமிஷமே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சும்மா நிற்க வெட்கப்பட்டு நானும் கழற்றினேன்.

உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. இறக்கை முளைத்தவர்கள், இரும்புக் கையர்கள், நீலத் தோல்காரர்கள். ஆள் உயர வாளைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கினான். நான் வேட்டி சட்டையில், வெறுங்காலோடு, நெற்றியில் விபூதியோடு நின்றேன். பத்து நிமிஷத்துக்குள் ஏழெட்டுப் பேர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எந்த விளையாட்டில் வருகிறவர் என்று ஒருவன் இங்கிலீஷில் கேட்டான். "தேனி" என்றேன். ஆகா என்று தலையாட்டிவிட்டுப் போனான். இன்றைக்கும் அந்த ஊரில் யார் செல்போனிலாவது நான் ஒரு மந்திரவாதியாக இருந்துகொண்டிருப்பேன்.

அக்கா மகனின் அடையாளம் பெரியகுளத்துக்காரர் காட்டிய ஒரு படம். நரித் தலை, சிவப்புப் போர்வை. அக்கா அதை ஒரு தூணருகே கண்டுபிடித்துவிட்டாள். நரி உயரமாக, அசையாமல், பேசாமல் நின்றது. வேஷக்காரர் பேசாமல் நிற்பது அவளுக்குப் புதிதில்லை. மூன்று மாசமாக மனப்பாடம் செய்த அதட்டலையெல்லாம் விழுங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து மஞ்சள்பொடிப் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாள். "அக்கா, இது வெளிநாடுக்கா" என்றேன். அதற்குள் குனிந்து நரியின் பூட்ஸில் ஊற்றிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். நரி தலையைக் கழற்றியது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு தாய்லாந்துப் பெண். வேர்த்துப்போய், கண்ணாடியில் ஆவி படிந்து, எங்களுக்குப் புரியாத எதையோ சொல்லிக் கைகூப்பினாள். அக்காவும் கூப்பினாள். கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த நரி ஒரு பிரபலமான பாத்திரமாம். திரும்பிப் பார்த்தால் மண்டபத்தில் பதினைந்து நரியாவது இருக்கும்.

அவற்றில் ஒன்று எங்களுக்குப் பின்னால் நின்று நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அது நகர்ந்து அக்கா முன்னால் வந்தது. தலையைக் கழற்றவில்லை. குனிந்து பூட்ஸை உருவியது, சாக்ஸை உருவியது, விரிப்பின் மேல் வெறுங்காலோடு நின்றது. வலது பெருவிரலில் நகமில்லாத ஒரு தழும்பு. ஏழு வயதில் அக்காவின் இஸ்திரிப் பெட்டி விழுந்த இடம். எனக்கே தெரிந்தது என்றால் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அக்கா பாதி பாட்டிலை அந்தக் காலில் ஊற்றினாள். நிமிர்ந்து நரியின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்து, "சாமி, எம் மகன் ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கான். அவன் என்கூட வருவானா?" என்று கேட்டாள்.

நரியின் போர்வை லேசாக ஆடியது. பிறகு பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல்.

"வரமாட்டான் ஆத்தா."

அவன் பிறந்ததிலிருந்து அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். ஆத்தா என்பது எங்கள் ஊரில் வாக்குச் சொல்கிற சாமி கூப்பிடுகிற முறை.

"சோத்துக்கு என்ன செய்வான்?"

"தச்சுப் பொழைப்பான். ஒன் கை அவனுக்கு வந்திருக்கு."

"பொய் சொல்லிட்டே இருப்பானா?"

"இனிமே சொல்லமாட்டான்."

"சரி சாமி" என்று மீதித் தண்ணீரையும் ஊற்றினாள். விரிப்பு மஞ்சளானது. காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை எனக்கு வந்தது. அவர் பாஷையும் தெரியாது, கேட்க வேண்டிய காரணமும் சரியாகத் தெரியாது. கும்பிட்டு வைத்தேன். அவர் என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

நரித்தலை கழன்ற பிறகுதான் அவன் முதுகில் அடி ஒன்று விழுந்தது. "எலும்பாப் போயிட்டியேடா, நாயே" என்று அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். என்னைப் பார்த்து, "மாமா, நீங்க யாரு வேஷம்?" என்றான். ஊருக்கு வா என்று அதன் பிறகு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அறையில் நாலு நாள் தங்கி, அவன் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, அவன் போட்டிருந்த ஓரத்தையலைப் பிரித்துத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு வந்தாள்.

விமானத்தில் கேட்டேன். "அக்கா, அது அவன்தான்னு தெரிஞ்சுதானே கேட்ட?"

"எது?"

"வாக்கு."

மந்தமான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "வேஷத்துல நிக்கையில ஏதுடா அவன் இவன்?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரிந்துகொண்டுதான் தோற்றாளா, அல்லது தோற்கவே இல்லையா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் கைப்பட்டையை நான் பாங்காக் விமான நிலையத்திலேயே பல்லால் கடித்துத் துப்பிவிட்டேன். அக்கா கத்திரிக்கோலோடு பிழைக்கிறவள், அதை வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் இப்போதும் வருகிறது. எந்த உடுப்புக்கு எவ்வளவு துணி, எங்கே சுருக்கு வைப்பது என்று அவன் கேட்கிறான், இவள் சொல்கிறாள். போன மாசம், திருவிழாவுக்குப் பத்து நாள் வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன்க்கா, ஆசையா வர்றேங்குறானே?"

"வரமாட்டான்னு வாக்கு வந்திருக்கு. அவன் வந்தா வாக்கு என்னத்துக்கு ஆகும்? காப்பும் இன்னும் அவுக்கல, அந்தத் திருவிழா எனக்கு முடியல. நாமதான் போகணும்."

அந்த 'நாம'வில் நானும் இருந்தேன். இந்த முறை சும்மா நிற்கக் கூடாதாம், எனக்கும் தைக்கிறாளாம். என்ன வேஷம் என்று கேட்டேன். "கரடிதான். ஒனக்குப் பழகுனது" என்று டேப்பை எடுத்து வந்தாள். மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்தேன். "விடுடா, அங்கன போயி நாளெல்லாம் இழுத்துக்கிட்டா நிப்ப?" என்று தட்டினாள். விட்டேன். டேப் சுற்றி வந்தது. கூடவே அவள் மணிக்கட்டில் இருந்த அந்தப் பட்டையும், மழை வரும் என்று வாக்குச் சொன்ன பழைய கரடியின் வயிற்றை உரசிக்கொண்டு போனது.