அழித்துவிட்டுப் பார்க்கிற ஸ்கேனர்

இன்று காலை ஹுன்னஸ்கிரிய மலைப்பாதை வளைவில் என் கார் மறுபடியும் நின்றுபோனது. பின்னால் லொறி. பக்கத்துச் சீட்டில் கண்டி கிளினிக்குக்குப் போகவேண்டிய அம்மா.

அரை மணித்தியாலம் ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. அதற்குள் கிளினிக் தவறிவிட்டது. அடுத்த திகதி மூன்று மாதத்துக்குப் பிறகு.

இதே கோளாறை ஏற்கனவே மூன்று தரம் அக்குறணையில் ஒரு கராஜில் காட்டினேன். மூன்று தரமும் "பிழை ஒண்டும் இல்ல" என்றார் கராஜ் நானா. வீட்டில் எல்லோரும் எனக்கு ஓட்டத் தெரியாது என்றார்கள்.

இன்று சூட்டோடு சூடாக அங்கே போய், அவர் பக்கத்திலேயே நின்றேன். காரில் பதிவான பிழைகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினார். எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சரில் பிழை என்று திரையில் ஒரு வரி வந்தது. உடனே ஒரு பட்டனை அழுத்தினார். வரி போய்விட்டது.

"நானா, இப்ப ஏதோ காட்டிச்சே?"

"அது பழசு டீச்சர். எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் நான் பாக்கிற."

"போன மூணு தரமும் அப்பிடித்தானா?"

"எப்பவும் அப்பிடித்தான். இந்தா பாருங்க, இப்ப ஒரு பிழையும் இல்ல."

இவ்வளவு திறமையுள்ள மனிதர் கராஜில் கிரீஸ் பூசிக்கொண்டிருக்கிறார். விசாரணை ஆணைக்குழு எதிலாவது போடலாம்.

இவரைச் சிபாரிசு செய்ய, கொழும்பில் யாருக்காவது ஆள் தெரியுமா?