அசெனாதா எழுதிய மூன்று வரி

அசெனாதா, பிஜித் தீவுகளில் சவுசவு என்ற ஊரின் மீன்வளத்துறை அலுவலகத்தில் கடல் அட்டைகளின் நீளம் அளந்து பதிவு செய்கிறவள். வயது முப்பத்து நான்கு. எட்டு வருடத்து அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, நியூசிலாந்தில் முதுகலை படிக்க விண்ணப்பம் நிரப்பினாள். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. எந்தப் பல்கலைக்கழகமாவது உங்களை விலக்கியதுண்டா? ஆம் எனில் விளக்கவும்.

விலக்கியதுண்டு. தலைநகர் சுவாவில் படித்தபோது, இரண்டாம் ஆண்டில் நான்கு பாடம் தோற்றாள். ஒரு வருடம் வரவேண்டாம் என்று கடிதம் வந்தது. பிறகு தொலைதூரக் கல்வியில்தான் பட்டம் முடித்தாள்.

பக்கத்து மேசையில் தரைவினி. அத்தை மகள், கேலி செய்ய உரிமை உள்ளவள்.

"என்ன மதினி, பேனாவைத் தின்னு முடிச்சிட்டியா, இன்னொண்ணு தரட்டா?"

"இதுக்கு என்னடி எழுதறது?"

"மாமாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு, படிப்பு போச்சுன்னு எழுது. படிக்கிறவன் கண்ணைத் தொடச்சுக்கிட்டே சீட்டு குடுத்துருவான்."

ஊரே அப்படித்தான் நம்பியது. அப்படியே எழுதியும் பார்த்தாள், உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவுக்குக் கை விழுந்தது ஆகஸ்டில். அவள் தோற்றது ஜூனில். மூன்றாம் வாரமே வேதியியல் பிடிபடாமல் போனது. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவளுக்கு, புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டு, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தைக் கிழித்தாள். உண்மையை எழுதுவதென்றால், அதை முதலில் கேட்கவேண்டியவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் கை விழுந்துச்சு, இவ படிப்பும் சேர்ந்து விழுந்துச்சு" என்று தலை குனிகிற அப்பா அபெனிசா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

அப்பா இடது கையிலிருந்த சேப்பங்கிழங்கைத் தட்டில் வைத்தார். "பதினாலு வருஷம். என்னாலதான் உன் படிப்பு கெட்டுச்சுன்னு நான் சொல்றப்பல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"உக்காந்திருந்தேம்ப்பா."

அவர் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வியாழன் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அந்தக் கடுதாசியைப் படி, கேப்போம்."

படித்தாள். மூன்றே வரி. பாடம் புரியவில்லை. கேட்க வெட்கப்பட்டு வகுப்பை விட்டேன். தவறு என்னுடையது.

"என் பேரு எங்கயும் இல்லியே?"

"இல்லப்பா."

"அப்ப அனுப்பு."

அடுத்த மாதம் கணினித் திரையில் மூன்று பேர் நேர்காணல் செய்தார்கள். நரைத்த தலைக்காரி ஒருத்தி சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "இங்கயும் புரியலைன்னா என்ன செய்வீங்க?"

"போன வருஷம் புள்ளியியல் வகுப்புல சேர்ந்தேன். முதல் தேர்வுல நூத்துக்கு முப்பத்தெட்டு. மறுநாள் காலையிலேயே ஆசிரியர் ரூம் வாசல்ல போய் நின்னேன். கடைசித் தேர்வுல எழுபத்தொண்ணு."

நேரடி இடம் கிடைக்கவில்லை. முதலில் ஒரு வருடம் பட்டயப் படிப்பு. தேறினால் முதுகலை என்று பதில் வந்தது.

"மாமா கதையை எழுதியிருந்தா நேரா உள்ள போயிருப்படி, மக்கு!" என்று தரைவினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போயிருப்பேன். எங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றபடி அசெனாதா பட்டயப் படிப்புக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பட்டயத்தில் எல்லாப் பாடமும் தேறினாள். மறு பிப்ரவரியில் முதுகலை வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, அங்கிருந்தவர்களில் அவளே மூத்தவள்.