கடைசிச் சேலையும் வழியனுப்ப வந்தவர்களும்

அக்காவும் மாமாவும் ஊழியத்துக்காக ஒரிசா மலைப்பக்கம் போகப்போகிறார்கள் என்ற செய்தி எனக்கு ஆற்காட்டில் ஒரு லாரி ஷெட்டில் கிடைத்தது. அங்கே நான் கிளீனராக இருந்தேன். சரியாகச் சொன்னால், அன்று காலையோடு அந்த வேலையும் போயிருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்ததில்லை. செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன்.

அக்கா என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"வழியனுப்ப வந்தியா, சாப்பிட வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப போய் தறியில உக்காரு."

மாமா பட்டு நெய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் மாகறல் பக்கம் போய்ப் பிரசங்கம் செய்துவிட்டு வருவார். மலையில் தறி போட்டுக் கற்றுக்கொடுக்கவும் வேதம் சொல்லவும் ஆள் வேண்டும் என்று சபைக்குக் கடிதம் வந்தபோது, இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சென்னைக்கு பஸ், அங்கிருந்து ரயில். நான் வந்தது திங்கட்கிழமை. தறியில் ஒரு சேலை இன்னும் நாலு முழம் பாக்கியிருந்தது.

பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை; முடிந்த சேலையை அவர் பட்டுக்கடைக்குப் போடுவார். மிச்சத்தை வேறொரு நெசவாளி முடிக்கட்டும் என்று விடவும் முடியாது. நூலை அடித்து நெருக்குவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு அடி உண்டு. நடுவில் கை மாறினால் மாறின இடம் சேலையில் காட்டிக்கொடுத்துவிடும். பாதிச் சேலையை விட்டுவிட்டு ஓடினவன் என்ற பெயரோடு போக மாமாவுக்கு மனமில்லை.

"அங்க போயி நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது, மச்சான்?"

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளி குழியில் உட்கார்ந்து மிதிப்பார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நூல் ஓடுகிற நாடாக்கட்டையைத் தள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் செய்கிற வேலை அது. மாமாவிடம் இருந்தவனை வேறு தறிக்காரர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இருபத்துநாலு வயதில், மீசையோடு, முழங்காலை மடக்கிக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்தேன்.

"குனியாத மச்சான், மீசை பட்டுல மாட்டிக்கப்போவுது" என்றார் மாமா.

ஒரு நாளைக்கு ஒரு முழம் என்று வைத்தால் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஊழியத்துக்குப் போகிற குடும்பத்தை எல்லாரும் சேர்ந்து ஒரே கூட்டத்தில் அனுப்பிவைத்துவிட மாட்டார்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாக வந்து ஜெபம் செய்வார்கள். இரண்டு வீடு ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒருவர் ஜெபம் செய்ய, மற்றவர் வெறும் ஆமென் சொல்வதோடு போக வேண்டும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்? தெருமுனையில் நின்று பார்த்து, முன்னால் வந்தவர்கள் வெளியே போன பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

தறியைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு சங்கடம். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது மாமா தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தளர்த்தி விட்டுத்தான் எழுந்திருப்பார். அப்படிச் செய்யாமல் இழுத்த இழுப்பில் விட்டால், மறுபடி நெய்ய ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். வாசலில் "ஸ்தோத்திரம்" என்று குரல் கேட்ட உடனே கண்ணை மூடிவிடுகிறவர்களை வைத்துக்கொண்டு எங்கே தளர்த்துவது? மாமா குழிக்குள்ளேயே எழுந்து நின்று தலை குனிவார். இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாமாவுக்காக ஜெபம் நடக்கும்.

போதகர் சுருக்கமாக முடித்தார். பைபிள் அம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற கிழவி, அக்காவின் இரண்டு பெண்களுக்கும் எதிர்காலத்தில் வரப்போகிற மாப்பிள்ளைகளுக்காகவும் சேர்த்து ஜெபித்தாள். எல்லாரையும் தூக்கியடித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பயணத்தை அவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஆண்டவர் கையில் ஒப்படைத்தார். பேசின் பிரிட்ஜில் தொடங்கினார். கூடூர், நெல்லூர், ஓங்கோல், பெஜவாடா. கோதாவரிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தார். வால்டேர் வந்ததும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கே இஞ்சினை மாற்ற வேண்டுமாம். அதற்காக ஒரு பாட்டுப் பாடினோம்.

புதன்கிழமை நான் அக்காவிடம், "யாரு வந்தாலும் மாமா வாலாஜாபாத் போயிருக்காருன்னு சொல்லிடேன்" என்றேன்.

குழியிலிருந்து மாமா, "ஊழியத்துக்குப் போறதுக்கு முன்னாடியே பொய்யா?" என்றார்.

"தறி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. ஆளு வாலாஜாபாத்துல, தறி மட்டும் தானா ஓடுதா?" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஜெபம் எதுவும் செய்யவில்லை. வழியில் சாப்பிட என்று கோயில் இட்லி பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மூணு நாள் ஆனாலும் கெடாதும்மா." பெருமாள் பிரசாதம். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்று நானே சாப்பிட்டுவிட்டேன். மிளகும் சுக்கும் தூக்கலாக, நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை முதலாளியே வந்தார். நெற்றி நிறைய நாமம், கையில் குடை. வேலை ஏன் இழுக்கிறது என்று கேட்க வந்தவர், சோம்பேறித்தனத்தைப் பற்றி அரைமணி நேரம் நின்றுகொண்டு பேசினார். மாமா குழிக்குள் எழுந்து நின்று, பழக்கதோஷத்தில் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். வாங்கிப்போக வந்த முதலாளி அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாபா, இங்க ஒரு கோடு?"

"போதகரய்யா ஜெபம், மொதலாளி."

"இது?"

"பைபிள் அம்மா."

"இங்க ரெண்டு ஒட்டிக்கினு இருக்குதே?"

"ரயில்வே பெரியவரு. முடிஞ்சிடுச்சின்னு மிதிச்சிட்டேன். வால்டேருதான் வந்துருந்துது."

முதலாளி சேலையை இன்னும் தள்ளிப் பிடித்தார். "எல்லாத்துலயும் தடியா ஒண்ணு இருக்குதே, இது யாரு?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அது நீங்கதான் மொதலாளி. சீக்கிரம் முடிக்கச் சொல்லி வந்தீங்களே, அன்னிக்கு."

அவர் கொஞ்ச நேரம் சேலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மடிக்க ஆரம்பித்தார். "கடைக்காரன் கண்ணுக்கு இது தெரியாது. கட்டிக்கற பொண்ணுக்கும் தெரியாது. நல்ல வேலைதான்பா. நீ நிம்மதியா போய்வா."

அதோடு விட்டிருக்கலாம். மாமா குழியிலிருந்து மேலே ஏறி வந்து சட்டையை மாட்டினார்.

"கடையில சொல்லிடணும் மொதலாளி. தெரிஞ்சிக்கினே மறைக்கக்கூடாது. பஸ்ஸுக்கு நேரம் இருக்குது, நானே போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

முதலாளிக்கு அப்படி ஒரு வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு டிரங்குப் பெட்டியை அவரே தூக்கினார். "நேரம் எங்கபா இருக்குது? கெளம்புங்க, கெளம்புங்க!" அந்த வாரம் வந்தவர்களில் எங்களை இவ்வளவு அக்கறையாக வழியனுப்பியவர் வேறு யாருமில்லை. பஸ் ஸ்டாண்டில் சபையார் கடைசியாக ஒரு ஜெபம் ஆரம்பித்தபோது, கண்டக்டரிடம் "விசிலை ஊதுங்க சார்" என்றவரும் அவர்தான்.

பெட்டி படுக்கையை ரயிலில் ஏற்றிவிட நானும் சென்னை வரை போனேன். பஸ் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. பட்டுக்கடைக்காரர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமா ஜன்னல் வழியாக இடுப்பு வரைக்கும் வெளியே வந்துவிட்டார்.

"அண்ணே! நெசவுல கோடு இருக்குது! அஞ்சு எடத்துல!"

இஞ்சின் இரைச்சலில் கடைக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஊரை விட்டுப் போகிறவர் விடைபெறுகிறார் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

மாமா வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தார். "சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்" என்றார்.

அக்கா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "பாஷ தெரியாத ஊருக்குப் போறோம். அங்கயும் இப்பிடித்தான் இருக்கும். நீங்க கத்துவீங்க, அவங்க கைய ஆட்டுவாங்க."