வாவிக் கரையில் பெண் பார்த்தார்கள்

கண்டி அழகான ஊர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாவி, சுற்றிவர மலை, மலையில் காடு, காட்டின் மேல் மேகம். எல்லாம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. காலண்டரில் போடுகிறார்கள். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் கொழும்பிலிருந்து வந்து, வாவிக் கரை மதிலில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் அக்காவையும் அந்த மதில் ஓரமாகத்தான் நிறுத்தினார்கள். படம் எடுக்க அல்ல.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா, அக்கா, நான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்துத் தமிழர்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம் அது. அக்கா மலையில் கொழுந்து எடுத்தாள், அந்தக் கூலியில் நான் படித்தேன். எனக்குப் பத்தொன்பது வயதாகி, பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு கலியாணம் நடக்க வேண்டும். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக இருக்கும் லயத்துக்குப் பெண் பார்க்க வந்தால் எல்லாக் காம்பராவிலிருந்தும் தலை நீளும். வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால், அடுத்த நாள் மலையில் கொழுந்தோடு சேர்த்து அந்தப் பெண்ணையும் கிள்ளுவார்கள். அக்காவை இரண்டு தரம் அப்படிக் கிள்ளினார்கள். அதனால்தான் எங்கள் ஆட்கள் சிலர் இந்தக் காரியத்தைக் கண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரும் கோயிலுக்கு வந்தவர்கள் போல வர வேண்டும். வாவியைச் சுற்றி எதிரெதிராக நடக்க வேண்டும். யாருக்கும் யாரையும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா நின்று "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கேட்காமல் போனால் பஸ் ஏறலாம். ஒருவருக்கும் அவமானம் இல்லையாம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடையில் வேலை செய்தார். அவர்தான் இந்த இடத்தைப் பிடித்தார். மாப்பிள்ளைக்குக் கண்டியில் இரும்புக்கடையில் வேலை. அம்மாவும் மகனும் மட்டும். தோட்டத்துப் பெண் வேண்டாம் என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். மாமாவும் கொஞ்சமும் யோசிக்காமல், பெண் தன் வீட்டில் வளர்கிறாள், தையல் படிக்கிறாள் என்று அடித்துவிட்டிருந்தார்.

முதல் நாள் பின்னேரம் அக்கா தேசிக்காயைப் பிழிந்த புளிப்புத் தோலால் விரல்களைத் தேய்த்தாள். பிறகு சாம்பலால். பிறகு உடைந்த ஓட்டால். கொழுந்துக் கறை தோலின் மேலே இருப்பதில்லை. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்புகள் கறுப்புக் கோடுகளாகவே நின்றன. "போதும்டி, எரியுது" என்று கைகளைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேராதனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் மாமா குடையோடு நின்றார். வா என்று கூடச் சொல்லவில்லை, அக்காவின் கையைத்தான் பிடித்துப் பார்த்தார்.

"முந்தானைக்குள்ளயே வச்சுக்க. வெளிய எடுக்காத."

"கோயில்ல கும்புடுறப்ப?"

"சாமிக்கு நீ யாருன்னு தெரியும். அது போயி அவங்ககிட்ட சொல்லாது."

அப்பாகூடச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "இன்னொன்னு. அந்தம்மாவும் தோட்டத்துல பொறந்தவதான், புசல்லாவ பக்கம். அத மட்டும் வாயில எடுத்துறாதீங்க. கண்டிக்கு வந்ததும் லயம்னா என்னான்னே மறந்து போச்சாம்."

வாவியில் அன்று ஒரு அழகும் இல்லை. தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. மரத்துக்குக் கீழே நடந்தால் தலையில் பறவை எச்சம் விழுந்தது. மலை தெரியவில்லை, நனைந்த சாக்கைத் தொங்கவிட்டது போல மேகம்தான் தெரிந்தது. வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு சிங்கள ஆட்கள் தலதா மாளிகைக்குப் போனார்கள். அவர்கள் கும்பிடப் போனார்கள். நாங்கள் விலைபடப் போனோம்.

முதல் சுற்றில் அந்த அம்மா எங்களைப் பார்த்தாள், பேசாமல் போனாள். பட்டுச் சேலை, கையில் பை, பக்கத்தில் ஒல்லியாக மகன்.

"போச்சு" என்றாள் அக்கா.

"வாய மூடிட்டு நட" என்றார் மாமா.

இரண்டாம் சுற்றில் அவள் நின்றாள். "எந்த ஊரு நீங்க?"

அக்காவின் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. அது தளர்ந்து இறங்கியதை நான் உணர்ந்தேன். "கட்டுகஸ்தோட்டைங்க" என்றாள்.

"அங்க எங்க?"

"பாலத்துக்குக் கிட்டத்துல."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வாவிக்குப் பின்னால் காட்டுக்கு ஏறும் பாதையில் ஒரு பெரிய மரத்தடிக்கு ஓடினோம். மாப்பிள்ளை தன் குடையை அப்பாவுக்குப் பிடித்தார், தான் நனைந்தார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை எழுதத்தான் வேண்டும். அவர் அம்மா ஜாக்கெட் தைப்பதைப் பற்றிக் கேட்டாள். அக்காவுக்குத் தையல் கொஞ்சம் தெரியும், சமாளித்தாள். "கைக்கு இறுக்கமா தைக்கிறாளுக இப்ப, சோறு கூட அள்ளித் திங்க முடியல" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டாள். அக்கா சிரித்தாள். அவரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திடீரென்று அந்த அம்மா கூச்சலிட்டாள். கணுக்காலுக்கு மேல் ஒரு அட்டை, குடித்து உப்பியிருந்தது. அவள் ஒற்றைக் காலில் குதித்தாள். மகன் குடை நுனியால் அதைத் தட்டப் பார்த்தார். மாமா தீப்பெட்டி தேடினார். நான் சும்மா நின்றேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். குதிகாலை ஒரு கையால் பிடித்து, மறு கை நகத்தை அட்டையின் வாய்க்கு அடியில் கொடுத்து நெம்பி, விரல்களுக்குள் உருட்டிச் சுண்டி எறிந்தாள். அப்பாவின் கக்கத்தில் இருந்த பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துக் கடிவாயில் ஒட்டினாள். "ஒண்ணுமில்லைங்க. தாள பிய்க்காதீங்க, ரத்தம் தானா நின்னுரும்." அதோடு விட்டாளா? மலையிலிருந்து இறங்கும்போது எல்லோரும் செய்கிற மாதிரி, தன் கால்விரல் இடுக்குகளைப் பார்த்து, என் காலைப் பார்த்து, அப்பாவின் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அது மூச்சு விடுவது போல. கட்டுகஸ்தோட்டையும் தையலும் முந்தானையும் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

அந்த அம்மா தன் காலைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுகஸ்தோட்டையில அட்டை இல்லையேம்மா."

"லீவுக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குத் தோட்டத்துப் பக்கம் போவும்..." என்று மாமா இழுத்தார்.

"லீவுக்குப் போன கையா இது?"

"விடுங்கம்மா" என்றார் மகன்.

"நீ சும்மா இரு."

அவள் இறங்கிப் போனாள், பேப்பர்த் துண்டு காலில் ஒட்டியிருக்க. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தருவது அவள் சொன்ன சொல் இல்லை. அக்கா குனிந்ததும் அவள் கூச்சல் நின்றது. அக்கா கேட்கும் முன்னமே அந்த அம்மாவே தன் குதிகாலைத் திருப்பி, வசதியாக நீட்டிக் கொடுத்தாள். நூறு தரம் அட்டை பிடுங்கி வாங்கிய கால்தான் அப்படி நீளும். அவளுக்கு மறந்திருந்தது, அவள் காலுக்கு மறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கைகளை மடியில் வைத்திருந்தாள், மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்:

"பெரியவ வேணாமாம். சின்னவளக் குடுக்கிறதா இருந்தா பேசலாமாம். படிச்ச புள்ள, கையும் நல்லா இருக்காம்."

அப்பா சீ என்று கூடச் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கணக்கு ஓடியது. அவரையும் என்ன சொல்ல? ஒருத்தியாவது டவுனுக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பார். மாட்டேன் என்று கத்தினேன். அந்தப் பொம்பளையை நான் திட்டியது பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டது. மாமா பாதித் தேத்தண்ணீரோடு எழுந்து போனார். அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை.

அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கோப்பைகளைக் கழுவப் பீலிக்கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அந்த மாப்பிள்ளை நல்ல மனுசன்" என்றாள், நிமிராமல். "நீ போயிருந்தா என்னை மாதிரி மழையில நிக்காம இருந்திருப்ப."

"உன்ன வேணாம்னு சொன்ன எடத்துக்கு நான் போவேனா?"

"எனக்காக வேணாம்னு சொல்லுன்னு நான் உன்னைக் கேட்டேனாடி?"

அவள் கோப்பைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். அதற்குப் பிறகு தன்னைப் பெண் பார்க்க அவள் யாரையும் வரவிடவில்லை.