அப்பாவுக்கு வைத்த சிலுவை

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி இருந்தது எங்கள் ஊர் மணல்மேடு. ஒரு மூலையில் கல்லறைத் தோட்டம், மீதியெல்லாம் தாழை. அந்த மேடு இருந்ததால்தான் கடல் ஊருக்குள் வரவில்லை, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடிந்தது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் அதில் ஏறுவார்கள்.

திருவிதாங்கூர் சர்க்கார் அனுமதி கொடுத்துவிட்டதென்று கருமணல் கம்பெனிக்காரர்கள் அங்கே எல்லை குறிக்கக் குற்றி அடித்தார்கள். கல்லறை உள்ள இடத்தைத் தொடமாட்டார்களாம், மற்றதை மட்டும் தோண்டுவார்களாம். பெரிய மனசுதான்.

கல்லறை இல்லாமல் செத்தவர்களுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? கடலில் போய் உடல் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் ஒரு மணல் குவியல், ஒரு சிலுவை. ஒரே வாரத்தில் மேடு நிறைந்துவிட்டது. வண்டி நுழையும் அளவுக்கு ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அது எங்கள் அப்பாவுக்கு ஒதுக்கியது.

அம்மா முடியாது என்றுவிட்டாள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வருவார் என்று ஆறு வருடமாக அவருடைய துடுப்புக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தவள் அவள். பதினாறு வயதில் எனக்கு வாய் அதிகம்.

"ஒனக்க பிடிவாதத்துக்கு ஊரு முழுக்க உப்புத் தண்ணி குடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அம்மாவே போய் மணலைக் குவித்தாள். சிலுவை செய்ய அப்பாவின் துடுப்பைத் தரவில்லை. இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் கட்டினாள். நான் முடிச்சை இறுக்கப் போனேன்.

"ஏட்டி, சுருக்கு முடிச்சு போரும். அவிய வந்தா அவுக்கணும்லா."

கம்பெனியிலிருந்து அளவெடுக்கிறவர் வந்தார். புது மணலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். "இது யாருக்க கல்லறை?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எனக்க மாப்பிளைக்கது. கடல்ல போயி செத்துட்டாவ" என்றவள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்த மாதமே குற்றிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை அம்மா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். என்ன பாவம் செய்தாய் என்று கேட்டேன்.

"அவிய செத்துட்டாவன்னு பொய் சொன்னேன்லா."

இப்போது அந்தச் சிலுவைக்குக் கீழே அம்மாதான் இருக்கிறாள். கயிறு இற்றுப்போகும்போதெல்லாம் நான்தான் மாற்றுகிறேன். இறுக்கிக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.